இடது பின் ஸ்பீக்கர்

என் கணவர் சிங்கப்பூர் வேலையை முடித்துக்கொண்டு மொத்தமாக ஊர் திரும்புவதற்குப் பத்து நாள் முன்பே கார்கோவில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி எங்கள் ஆலங்குடி வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஹோம் தியேட்டர். முன்னால் வைக்க மூன்று ஸ்பீக்கர், பின்னால் வைக்க இரண்டு, தரையில் வைக்க ஒரு சப்வூஃபர், ஒரு ஆம்ப்ளிஃபயர். அங்கே ஆறு பேர் தங்கிய அறையில் போனில் படம் பார்த்த காலத்திலிருந்தே அவருக்கு இருந்த ஆசை அது. வீடு கட்டும்போதே ஹாலை இரண்டடி நீட்டச் சொன்னதும் இதற்காகத்தான். பெட்டியைப் பிரிக்கக் கூடாது, தான் வந்துதான் பிரிக்க வேண்டும் என்று போனில் சொல்லியிருந்தார். நான் அதன்மேல் பழைய போர்வையைப் போர்த்தி வைத்திருந்தேன்.

மகளுக்கு அப்போது ஒரு வயது ஒன்பது மாதம். அவள் ஐந்து மாதக் குழந்தையாக இருந்தபோது அவர் ஒரு மாத லீவில் வந்து பார்த்ததோடு சரி. இப்போது வந்து இறங்கியதும் 'பாப்பா, பாப்பா' என்று கூப்பிட்டபடியே இருந்தார். அவள் சில சமயம் திரும்புவாள், சில சமயம் திரும்ப மாட்டாள். புது முகம்தானே, பழகட்டும் என்று என் மாமனார் சொன்னார். பார்க்க வந்த உறவினர்களும் அதையே சொன்னார்கள். நானும் சொன்னேன். ஆனால் தடுப்பூசி போட்ட நர்சம்மா பிள்ளை எத்தனை வார்த்தை பேசுகிறாள் என்று கேட்டிருந்தார். அம்மா, தா, காக்கா என்று மூன்றைச் சொன்னேன். இந்த வயதுக்கு இன்னும் கொஞ்சம் வரலாமே என்று சொல்லிவிட்டு அடுத்த குழந்தையைக் கூப்பிட்டுவிட்டார். அன்றிலிருந்து அந்த 'இன்னும் கொஞ்சம்' என்னோடுதான் இருந்தது. இதை நான் கணவரிடம் சொல்லவில்லை. வந்ததும் வராததுமாகக் கவலையை எதற்குக் கொடுப்பது என்று நினைத்தேன். சொல்லாதது தப்போ என்றும் நினைத்தேன். இரண்டையும் மாறி மாறி நினைப்பது என் சுபாவம்.

ஊர் திரும்பிய மூன்றாவது வாரம், ஸ்பீக்கர் மாட்டக் கீரமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு மைக் செட்காரரை என் கணவர் அழைத்திருந்தார். நாற்பது வயது இருக்கும். திருவிழா, கல்யாணம், நாடகம் எல்லாவற்றுக்கும் ஒலி அமைப்பவர். சுற்று வட்டாரத்தில் எந்தத் தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டினால் எந்த ஊர்வரை கேட்கும் என்பது அவருக்குத் தெரியும். வந்ததும் ஹாலை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, பின்னால் வைக்க வேண்டிய இரண்டையும் கூரையை ஒட்டி மூலையில் மாட்டிவிடலாம் என்றார். என் கணவருக்கும் அதுதான் விருப்பம். சினிமா கொட்டகையில் அப்படித்தானே இருக்கிறது என்றார்.

நான் பெட்டியோடு வந்த புத்தகத்தை, பெட்டியைப் பிரித்த அன்றே படித்து வைத்திருந்தேன். பி.எஸ்சி. இயற்பியல், அதன் மேல் ஒரு பி.எட். ஒரு கருவியின் புத்தகத்தைப் படிக்காமல் கை வைக்க எனக்கு வராது. பின் ஸ்பீக்கர்கள் நமக்கு நேர் பின்னால் இருக்கக் கூடாது, பக்கவாட்டில் காதுக்குக் கொஞ்சம் பின்தள்ளி இருக்க வேண்டும், உயரம் காதிலிருந்து ஓரிரண்டு அடி மேலே போதும் என்று அதில் படத்தோடு இருந்தது. டிவிக்கு நேராகப் பார்க்கும் திசையைப் பூஜ்யம் என்று வைத்தால் இரு பக்கமும் நூற்றுப் பத்து டிகிரி. பி.எட். பயிற்சிக்கு வாங்கிய பெரிய மரக் கோணமானி இன்னும் என்னிடம் இருந்தது. அதை சோபாவின் நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் தையல் நூல் பிடித்து, சுவரில் பென்சிலால் புள்ளி வைத்தேன். சோபா பின் சுவரை ஒட்டியிருந்தால் சரிவராது என்று ஒன்றரை அடி முன்னால் இழுக்க வைத்தேன். அந்த இடைவெளியில் பிள்ளை போய் ஒயரைப் பிடித்து இழுப்பாளோ என்ற பயம் உடனே வந்துவிட்டது. ஒயரை எல்லாம் பிளாஸ்டிக் பட்டிக்குள் விட்டு மூடச் சொன்னேன்.

"மரத்துல கட்டுற எனக்கு மனுசன் காதுக்கிட்டக் கட்டத் தெரியல தங்கச்சி. நீங்க சொன்ன எடத்துலயே அடிக்கிறேன்" என்று சிரித்தபடி மைக் செட்காரர் துளை போட்டார்.

வலப்பக்கம் சுவர் இருந்தது. இடப்பக்கம் எங்கள் ஹால் சாப்பாட்டு இடத்துக்கும் மாடிப்படிக்கும் திறந்து கிடக்கிறது. அதனால் இடது பின் ஸ்பீக்கரை மட்டும் படிக்கட்டை ஒட்டிய தூணில் மாட்டினார். ஏறக்குறைய என் பென்சில் புள்ளி சொன்ன கோணத்துக்கு வந்தது.

எல்லாம் மாட்டி முடித்துச் சோதிக்கும்போது ஒரு குழப்பம். ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் வரிசையாக 'உஸ்' என்று மழை பெய்வதுபோல ஒரு சத்தம் வரும். எந்த ஸ்பீக்கர் என்பது டிவியில் எழுத்தாகத் தெரியும். முன் இடது என்று டிவியில் வந்தபோது சத்தம் வலது பக்கத்திலிருந்து வந்தது. பின்னால் உள்ளவையும் அப்படியே மாறி வந்தன. நான் மகளை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் இருந்தேன். அண்ணே, மாறியிருக்கு என்றேன்.

அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "மேடையில நிக்கிறவனுக்கு எது எடதுகையோ அதுதானே எடது? இங்க டிவிதான் மேடை. டிவிக்கு எடதுகைப் பக்கம்தான் எடது ஒயரைக் குடுத்துருக்கேன்."

"பாக்குறவங்களுக்கு எது எடதோ அதுதான்ணே. புத்தகத்துல போட்டுருக்கு."

"இருபது வருசமா நாடக மேடையில அப்படித்தான் கட்டுறேன். ஆர்மோனியக்காரர் எடது பக்கம்னா மேடைக்கு எடதுதான்."

என் கணவர் நடுவில் நின்று, "சன்னதியில போயி அம்பாள் சாமிக்கு எடதா, நமக்கு எடதான்னு சண்டை போடுற மாதிரில்ல இருக்கு" என்றார். மைக் செட்காரருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நாலு ஒயரையும் மாற்றிக் கொடுத்தார்.

மறுபடி சோதித்தோம். இப்போது முன் இடது சரி, நடு சரி, முன் வலது சரி. வலது பின்னால் சத்தம் வந்தபோது மகள் சட்டென்று வலப்பக்கம் திரும்பி ஸ்பீக்கரைப் பார்த்துக் கையை நீட்டினாள். எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்து இடது பின். சத்தம் என் இடது காதுக்குப் பின்னால் தெளிவாகக் கேட்டது. மகள் மறுபடியும் வலப்பக்கம் திரும்பி, சற்று முன் சத்தம் போட்ட அதே ஸ்பீக்கரைப் பார்த்தாள்.

"பாப்பாவுக்கும் ஒயரு மாத்திக் குடுக்கணும் போல" என்றார் மைக் செட்காரர். அவர் சிரித்தார். என் கணவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அடுத்த நாள் காலையில் என் கணவர் கடைக்குப் போய்விட்டார். ஊரில் சும்மா இருக்கக் கூடாதென்று மோட்டார் பம்பு உதிரிபாகக் கடை ஒன்றைத் தொடங்கியிருந்தார். மாமனார் தோட்டத்துக்குப் போயிருந்தார். நான் மகளை மடியில் வைத்துக்கொண்டு ரிமோட்டை எடுத்தேன். வலது பின் பத்து தடவை, இடது பின் பத்து தடவை என்று மாற்றி மாற்றிச் சத்தம் கொடுத்தேன். கல்லூரி ஆய்வகத்தில் போடுவதுபோல ஒரு தாளில் இரண்டு கட்டம் போட்டு வைத்திருந்தேன். வலதுக்குப் பத்திலும் வலப்பக்கம் திரும்பினாள். இடதுக்கு ஆறு தடவை வலப்பக்கம் திரும்பினாள். இரண்டு தடவை திரும்பவே இல்லை. கடைசி இரண்டில் இடப்பக்கம் திரும்பினாள். அந்த இரண்டுக்கும் டிக் போட்டேன்.

அந்த இரண்டு டிக்கும் பொய். சத்தம் வந்தபோது என் இடது தொடையை லேசாக அசைத்தேன். அசைவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் பிள்ளை பார்த்தாள். தெரிந்துதான் செய்தேனா என்று கேட்டால் ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. தாளை மடித்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன்.

அன்று மதியம் எனக்கு ஒரு காரணம் கிடைத்தது. ஹாலின் இடப்பக்கம் திறந்திருக்கிறது. அங்கிருந்து வரும் சத்தம் படிக்கட்டு வழியாகப் பரவிப் போய்விடும். வலப்பக்கம் வெறும் சுவர். இடது ஸ்பீக்கரின் சத்தம் அதில் பட்டு எதிரொலித்து வரும். பிள்ளை எதிரொலி வந்த பக்கம் திரும்புகிறாள். எதிரொலியைப் பற்றி மூன்று வருடம் படித்தவள் நான். படித்த அத்தனையும் அன்று அந்தத் தூணில் மாட்டிய ஸ்பீக்கரின் மேல் பழி போடப் பயன்பட்டது.

கணவர் கடையிலிருந்து வந்ததும், இடது பின் ஸ்பீக்கர் இருக்கும் இடம் சரியில்லை என்று சொன்னேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. தூணிலிருந்து கழற்றி ஒரு உயரமான ஸ்டூலின் மேல் வைத்து, சோபாவுக்கு இன்னும் பக்கத்தில் கொண்டு வந்தார். இரண்டு நாள் கழித்து அதுவும் சரியில்லை என்றேன். மறுபடி தூணில் மாட்டி, முகத்தைக் கீழே சாய்த்தார். அடுத்த வாரம் படிக்கட்டுப் பக்கத்தில் கனமான திரைச்சீலை போட்டால் சத்தம் ஓடாது என்றேன். புதுக்கோட்டை போய் கெட்டித் துணி எடுத்து, தைக்கக் கொடுத்து, கம்பி அடித்து மாட்டினார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. மாமனார்தான், "படம் பாக்க வாங்குனதா, நகத்தி நகத்தி வைக்க வாங்குனதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

திரை போட்ட பிறகும் மகள் வலப்பக்கமே திரும்பினாள்.

மைக் செட்காரரை மறுபடி வரச் சொல்லுங்கள் என்றேன். அவர் ஒரு புதன்கிழமை காலை, கணவர் கடைக்குப் போன பிறகு வந்தார். இடது ஸ்பீக்கரில் சத்தம் சரியாக வரவில்லை என்று சொன்னேன். அவர் தன் இடது காதை ஸ்பீக்கரிடம் கொண்டுபோய் வைத்துக் கேட்டார். இரண்டு ஸ்பீக்கரையும் கழற்றி இடம் மாற்றி மாட்டிப் பார்த்தார். நன்றாகத்தானே இருக்கிறது, உங்களுக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டார். பிள்ளை திரும்பவில்லை என்று என் வாயில் வந்துவிட்டது.

அவர் தரையில் உட்கார்ந்தார். மகள் டிவியைப் பார்த்தபடி ஒரு டம்ளரை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். அவர் தூண் பக்கம் நகர்ந்து, அவளுக்குத் தெரியாமல் தன் வண்டிச் சாவியைக் குலுக்கினார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பித் தேடினாள். பிறகு அவர் எழுந்து வந்து, அவளைத் தூக்கி, டிவிக்கு முதுகு காட்டும்படி திருப்பி உட்காரவைத்தார். அவள் மறுபடி டம்ளரில் மூழ்கியதும் அதே தூண் பக்கம் போய்ச் சாவியைக் குலுக்கினார். இப்போது தூண் அவளுக்கு வலது பக்கம். தலையைத் திருப்பி நேராக அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"தங்கச்சி, ஸ்பீக்கர்ல ஒண்ணும் இல்ல" என்றார். "எனக்கு வலது காது போயி பத்து வருசமாச்சு. ஆம்ப்ளிஃபயர் பக்கத்துலயே நின்னு நின்னு போச்சு. தொழில்ல இருக்குறதுனால வெளில சொல்றதில்ல. யாராச்சும் கூப்பிட்டா நானும் இப்படித்தான் தப்பான பக்கம் திரும்புவேன். பாப்பாவ ஒரு டாக்டர்கிட்டக் காமிங்க."

எனக்குக் கோபம் வந்தது. உங்களை ஸ்பீக்கரைப் பார்க்கத்தானே கூப்பிட்டோம் என்றேன். சொன்ன தொனியும் நல்ல தொனி இல்லை. அவர் சரிங்க என்று சொல்லி, ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு, அடுப்பில் நான் வைத்திருந்த டீயைக் குடிக்காமலே போய்விட்டார். யாரிடமும் சொல்லாத ஒன்றை எனக்காகச் சொல்லியிருக்கிறார் என்பது டீயை வாஷ்பேசினில் கொட்டும்போதுதான் உறைத்தது.

பகல் முழுவதும் கணவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். பிள்ளையை நீதானே பார்த்துக்கொண்டாய், இத்தனை நாள் தெரியவில்லையா என்று கேட்டால் என்ன சொல்வது? கேட்கவே மாட்டார். ஆனால் கேட்பதாக வைத்து நான்கு பதில் தயார் செய்தேன். எண்ணெய்க் குளியலில் காதுக்குள் எண்ணெய் விட்டது என் மனதில் வந்தது. பிள்ளைக்கு ஏழாவது மாதத்தில் வந்த காய்ச்சல் வந்தது. வயிற்றில் இருக்கும்போது நான் தவறவிட்ட சத்து மாத்திரைகள் வந்தன. சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றும்போதே, பாப்பாவைத் திருச்சிக்குக் கூட்டிப்போய்க் காது டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றேன். நான்கு பதிலில் ஒன்றும் தேவைப்படவில்லை. அவர் இன்னொரு செருப்பையும் கழற்றி ஓரமாக வைத்தார். "சரி, நாளைக்கே போவோம்" என்றார்.

டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். அழுக்கு இல்லை, நீர் இல்லை, சீழ் இல்லை. பிறகு ஒரு சத்தம் புகாத சிறிய அறைக்கு அனுப்பினார். சுவரெல்லாம் பஞ்சு வைத்த துணி. உள்ளே போனதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நடுவில் ஒரு நாற்காலி, அதன் இடப்பக்கம் ஒரு ஸ்பீக்கர், வலப்பக்கம் ஒரு ஸ்பீக்கர். ஒவ்வொன்றின் மேலும் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் மேளம் அடிக்கும் குரங்கு பொம்மை. பிள்ளை சத்தம் வந்த பக்கம் சரியாகத் திரும்பினால் பெட்டிக்குள் விளக்கு எரிந்து குரங்கு மேளம் அடிக்கும்.

சோதனை செய்யும் பெண் என்னைவிடச் சின்னவர். பிள்ளையை மடியில் வைத்து உட்காரச் சொன்னார். "அம்மா, நீங்க அசையவே கூடாது. ஒங்களுக்குச் சத்தம் கேக்கும், கேக்காத மாதிரி இருக்கணும்" என்று சொல்லிவிட்டு, அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போனார்.

வலது ஸ்பீக்கர். மகள் திரும்பினாள், குரங்கு மேளம் அடித்தது, அவள் சிரித்தாள். மறுபடி வலது. மறுபடி மேளம். அடுத்து இடது. எனக்குக் கேட்டது. மகள் வலது குரங்கைப் பார்த்துக் காத்திருந்தாள். மறுபடி இடது, கொஞ்சம் பலமாக. அவள் வலது குரங்கையே பார்த்தாள். அது ஏன் அடிக்கவில்லை என்று என்னை நிமிர்ந்து பார்த்தாள். மூன்றாவது தடவை சத்தம் வந்தபோது என் தொடை அசைந்தது. மகள் இடப்பக்கம் திரும்பினாள்.

குரங்கு அடிக்கவில்லை. அந்தப் பெண் கதவைத் திறந்து உள்ளே வந்தார். என்னைக் கடிந்துகொள்ளவில்லை. நிறைய அம்மாக்கள் இப்படிச் செய்வார்கள் என்று சொல்லி, பிள்ளையை வாங்கி என் கணவர் மடியில் வைத்தார். என்னை வெளியே உட்காரச் சொன்னார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபோது உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. குரங்கின் மேளம்கூடக் கேட்கவில்லை.

பிறகு தூக்க மருந்து கொடுத்துப் படுக்கவைத்து இன்னொரு சோதனையும் செய்தார்கள். தலையிலும் காதுக்குப் பின்னாலும் சிறு வில்லைகளை ஒட்டி, காதில் சத்தம் கொடுத்துக் கம்ப்யூட்டரில் கோடு பார்க்கும் சோதனை. வலது காதுக்குக் கோடு அலையலையாக வந்தது. இடது காதுக்கு, சத்தத்தை எவ்வளவு கூட்டியும் ஏறக்குறைய நேர்கோடு.

டாக்டர் நிதானமாகச் சொன்னார். வலது காது முழுக்க நன்றாக இருக்கிறது. இடது காது நரம்பில் குறை, கேட்பது மிகக் குறைவு. பேச்சு வர ஒரு நல்ல காது போதும், கொஞ்சம் முன்பின்னாக வரும், முகத்தைப் பார்த்து நிறையப் பேசுங்கள். ரோட்டில் கவனம் வேண்டும், வண்டி எந்தப் பக்கம் வருகிறது என்று அவளுக்குத் தெரியாது. காது மெஷின் வைக்கலாமா என்பதை ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். நான் எண்ணெயைப் பற்றிக் கேட்டேன். காய்ச்சலைப் பற்றிக் கேட்டேன். மாத்திரையைப் பற்றியும் கேட்டேன். பல பிள்ளைகளுக்குக் காரணமே தெரியாது, பிறவியிலேயே இருந்திருக்கலாம், இனி காதில் எண்ணெய் விட வேண்டாம் என்றார். 'இருந்திருக்கலாம்' என்றுதான் சொன்னார். 'இருந்தது' என்று சொல்லவில்லை. அந்த வித்தியாசத்தை நான் இன்னும் விடவில்லை.

திரும்பும்போது புதுக்கோட்டை பஸ்ஸில் இருவர் சீட் கிடைத்தது. மருந்துத் தூக்கம் இன்னும் கலையாமல் மகள் அவர் தோளில் கிடந்தாள். பஸ் கீரனூர் தாண்டியது. பிறகு நான், பதினைந்து நாளாக எனக்குத் தெரியும் என்றேன். ஒயர் மாற்றிய அன்றைக்கே தெரியும். தெரிந்துகொண்டுதான் ஸ்பீக்கரை நகர்த்தச் சொன்னேன் என்றேன். தாளில் போட்ட பொய் டிக்கையும் சொன்னேன்.

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு வந்த மொத வாரமே தெரியும்" என்றார். "வலது பக்கம் இருந்து கூப்பிட்டா பாத்துச்சு. எடது பக்கம் இருந்து கூப்பிட்டா தேடுச்சு. நாலஞ்சு நாள் மாத்தி மாத்திக் கூப்பிட்டுப் பாத்தேன்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"இத்தனை வருசம் இல்லாம இருந்துட்டு வந்து, வந்த வாரமே ஒம்பிள்ளைக்குக் காது கேக்கலன்னா, நீ என்ன நெனைப்ப?" என்றார். தோளில் சரிந்த மகளின் தலையை நேராக்கிவிட்டு, "நீ ஸ்பீக்கரு சரியில்லேன்ன. எனக்கும் ஸ்பீக்கராவே இருக்கட்டும்னு இருந்துச்சு. அதான் நகத்திக்கிட்டே இருந்தேன்" என்றார்.

நான் அழுவேன் என்று நினைத்தேன். அழுகை வரவில்லை. திரைச்சீலைக்காக அவர் ஒரு நாள் முழுக்கக் கடையைப் பூட்டிவிட்டுத் துணிக்கடை துணிக்கடையாக அலைந்தது ஞாபகம் வந்தது. கெட்டியான துணியாக வேண்டும் என்று ஒவ்வொரு கடையிலும் கையால் தடவிப் பார்த்திருப்பார்.

இப்போது இரண்டு மாதம் ஆகிறது. எங்கள் இருவருக்கும் ஒரே ஒரு ஏற்பாடு. பிள்ளையிடம் எதையாவது கவனித்தால் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும், காரணம் கண்டுபிடித்துக்கொண்டு இருக்கக் கூடாது. அவர் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறார். நான் பாதி நாள் சொல்லிவிடுகிறேன், மீதி நாள் மறுநாள் சொல்கிறேன். மகள் பூ, வா, போ என்று மேலும் சில வார்த்தைகள் பேசுகிறாள். நான் எண்ணி எழுதிவைக்கிறேன். சந்தேகமானதைச் சேர்ப்பதில்லை.

மைக் செட்காரருக்கு இன்னும் போன் செய்யவில்லை. அவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பது தெரியும், எப்படித் தொடங்குவது என்பதுதான் தெரியவில்லை. அடுத்த பரிசோதனைக்கு முன் பேசிவிட வேண்டும். அந்தப் பரிசோதனைக்கு மகளை முதலிலிருந்தே நீங்கள்தான் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று என் கணவரிடம் சொல்லிவிட்டேன். நீ உள்ளேயே வர மாட்டாயா என்று கேட்டார். வருவேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பேன் என்றேன்.